கலைச்சொல் விவாதம்: ‘சுத்த நிறை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

எல்லாருக்கும் வணக்கம்.

போதைப்பொருளைப் பொலிஸ் பிடித்த அன்று தராசு காட்டும் நிறைக்கும், பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கையில் வரும் கலப்பு நீங்கிய நிறைக்கும் தனித்தனிப் பெயர் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் பிணையை எந்த நீதிமன்றத்தில் கேட்பது என்பதே இந்த இரண்டாவது நிறையில் தொங்குகிறது. இலங்கையின் அபாயகர ஔடதச் சட்டத்தின் 54அ பிரிவில் (போதைப்பொருள் கடத்தல், உடைமை போன்றவை) வழக்கு விழுந்தால் நீதவானால் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் மட்டும். 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம் வந்த பிறகு, ஹெரோயின், கொக்கெயின், மோர்பின், ஐஸ் (மெதம்பெட்டமின்) இவற்றில் கலப்பு நீங்கிய நிறை 10 கிராமோ அதற்கு மேலோ இருந்து, குற்றத்துக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ உண்டென்றால், கொழும்பில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

அறிக்கை நிறைக்கு இந்த விவாதத்தில் ஐயா ஒருவர் சொன்ன ‘தேறிய நிறை’ நல்ல சொல்தான். ஆனால் அது மா பைக்கற்றிலும் தேயிலைப் பைக்கற்றிலும் ஏற்கெனவே இருக்கிறது, பையைக் கழித்த நிறை என்றுதான் சனம் விளங்கிக்கொள்ளும். இங்கே கழிபடுவது பை இல்லை, தூளோடு கலந்து கிடக்கிற மற்றது. ‘தூய அளவு’ என்று இங்கே ஒரு தங்கச்சி எழுதியதிலும் எனக்குச் சம்மதமில்லை. அளவு என்றால் எத்தனை பைக்கற் என்பதும் அளவுதான்.

ஹட்டன் நீதிமன்ற வாசலில் ஒரு தாய், "பேப்பர்ல பன்னிரண்டு கிராம்னு போட்டிருக்காங்க, அப்ப கொழும்புக்குத்தான் போகணுமா?" என்று சட்டத்தரணியின் எழுதுவினைஞரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பன்னிரண்டு தராசு காட்டியது என்றால், அறிக்கையில் அது மூன்று கிராமாகவும் வரலாம், அப்படி வந்தால் மேல் நீதிமன்றமே போதும். தோட்டத்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) கொழுந்து நிறுத்துக் கழிவு போக மிஞ்சும் கிலோவை வைத்துத்தானே முழுப் பேரா அரைப் பேரா (முழு நாள் சம்பளமா அரை நாள் சம்பளமா) என்று போடுகிறார்கள், அதைச் சொன்னால் அந்த அம்மாவுக்கு உடனே விளங்கும். அதனால் என் முன்மொழிவு: தராசு காட்டுவது ‘மொத்த நிறை’, அறிக்கை சொல்வது ‘சுத்த நிறை’. சுத்தத் தங்கம் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது புதிதில்லை. ‘சுத்தம்’ வடசொல் என்று யாராவது தடுத்தால், ‘தனிநிறை’ என்று வைத்துக்கொண்டு அடைப்புக்குறிக்குள் விளக்கம் போட வேண்டி வரும், எனக்கு அது வேண்டாம்.

அப்புறம் ‘விதிவிலக்கான சூழ்நிலை’. இதற்குச் சட்டத்தில் வரைவிலக்கணம் இல்லை, நீதிபதி ஒவ்வொரு வழக்காகத்தான் பார்க்கிறார். விளக்கமறியலில் எவ்வளவு காலம் கிடக்கிறார், குற்றப்பத்திரம் ஏன் இன்னும் வரவில்லை, முன்குற்றம் உண்டா என்பவை எடுபடும். வீட்டில் உழைக்க ஆளில்லை என்பது மட்டும் பொதுவாக எடுபடாது, அது எல்லா விளக்கமறியல் கைதிக்கும் உள்ள கஷ்டம் என்று சொல்லிவிடுகிறார்கள். இதை ‘விசேட காரணம்’ என்று சுருக்கினால் சனம் கல்யாணத்தையும் கருமாதியையும் காரணமாகக் கொண்டுவரும். நீளமாக இருந்தாலும் இருக்கிற சொல்லே இருக்கட்டும்.

சுத்த நிறைக்கு மறுப்பு இருந்தால், தயவுசெய்து மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். குறிப்பாக மொழிபெயர்ப்பாளராக நீதிமன்றத்தில் நிற்கிறவர்கள், சிங்களத்தில் வாசிக்கப்படும் அறிக்கையை நீங்கள் இப்போது வாயால் எப்படிச் சொல்கிறீர்கள்?