சிபியு 98 டிகிரி, முன் விசிறிகள் ஓயாத இரைச்சல், திறக்கும்போதெல்லாம் எஃப்1 கேட்கிறது – உதவுங்கள்

லயத்துவாசி (சுங்கை சிப்புட்) – சனி, இரவு 10.40

வணக்கம். மகள் படிவம் ஆறில் படிக்கிறாள். அவளுக்காக மேசைக் கணினி ஒன்றை, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, அக்காள் மகனை வைத்து வீட்டிலேயே பூட்டினோம். பூட்டிய இடம் கட்டில் மெத்தை. திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டிவிடுங்கள்.

சிபியு (கணினியின் மூளையான சில்லு) இன்டெல் கோர் ஐ3-12100, அதன் பெட்டியிலேயே வந்த விசிறி, எச்610 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி, 500 வாட் பவர் சப்ளை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. எல்லாவற்றையும் வைக்கும் பெட்டியான கேஸில் முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக மூன்று 120 மில்லிமீட்டர் விசிறிகள் இருக்கின்றன.

கணினி ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கறுப்புத் திரையில் சிபியு விசிறியில் பிழை, எஃப்1 அழுத்து என்று வருகிறது. அழுத்தினால் விண்டோஸ் திறக்கிறது. முன்னால் இருக்கும் இரண்டு விசிறிகளும் தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரம் போல இரைகின்றன. சும்மா இருந்தாலும் அதே சத்தம்தான். மகள் காணொளி ஒன்றைத் தொகுக்க ஆரம்பித்தால் பத்தே நிமிடத்தில் சிபியு வெப்பம் 98ஐத் தொடுகிறது, பிறகு எல்லாம் நத்தை வேகம். சும்மா இருக்கும்போதே 60க்கு மேல்.

எங்களுடையது தகரக் கூரை வீடு. மதியம் முன்னறையில் 33, 34 டிகிரி இருக்கும். அதனால்தானோ என்று கேஸின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். 98 என்பது 97 ஆனது. இரவிலும் பெரிய மாற்றம் இல்லை. சிபியு எரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மின்னல் – சனி, இரவு 10.58

அண்ணே, பெட்டியில் வரும் விசிறி எல்லாம் வேலைக்கு ஆகாது. 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வைத்த தண்ணீர்க் குளிர்விப்பான் ஒன்று போடுங்கள். கதை முடிந்தது.

ஈப்போ திருப்புளி – சனி, இரவு 11.25

தம்பி மின்னல், ஒற்றைக் கோழியை ஏற்ற லாரி பிடிக்கச் சொல்கிறீர்கள். ஐ3-12100 என்பது 60 வாட் சிபியு, முழு மூச்சில் ஓடும்போதும் 89 வாட்தான். அதற்கு அந்தச் சின்ன விசிறி தாராளமாகப் போதும். அது போதவில்லை என்றால் பூட்டியதில் எங்கோ கோளாறு.

லயத்துவாசி அண்ணே, முதலில் பயத்தை விடுங்கள். இந்த சிபியுவின் எல்லை 100 டிகிரி. அதை நெருங்கியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் நத்தை வேகம் அதுதான். எரிந்துபோகாது, ஆனால் அப்படியே விட்டுவைக்கவும் கூடாது.

இப்போது மின்சாரத்தை நிறுத்தி, கதவைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். சிபியு மேலிருக்கும் விசிறியின் கம்பி போர்டில் எந்த முனையில் செருகியிருக்கிறது? முனைக்கு அருகிலேயே பெயர் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். முன் விசிறிகளின் கம்பி எங்கே போகிறது? போர்டுக்கா, நேராக பவர் சப்ளைக்கா?

லயத்துவாசி – ஞாயிறு, காலை 8.15

பார்த்தேன். சிபியு விசிறிக்கென்று பெயர் அச்சிட்ட முனை காலியாக இருக்கிறது! அந்த விசிறியின் கம்பி, கேஸ் விசிறிக்கான முனையில் செருகியிருக்கிறது. "அதுதான் கைக்கு எட்டியது மாமா" என்கிறான் பையன்.

முன் விசிறிகள் இரண்டும் பெரிய நாலு ஓட்டைப் பிளக் வழியாக நேரே பவர் சப்ளைக்குப் போகின்றன. அதே கம்பியில் மூன்று ஓட்டை உள்ள சின்ன பிளக் ஒன்றும் சும்மா தொங்குகிறது. பின் விசிறியும் அப்படியேதான், ஆனால் அது அவ்வளவாகச் சத்தம் போடுவதில்லை.

ஈப்போ திருப்புளி – ஞாயிறு, காலை 9.05

உங்கள் தொல்லைகளில் இரண்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

சிபியு விசிறியின் நாலு கம்பிகளில் ஒன்று தரை, ஒன்று 12 வோல்ட். மூன்றாவது, விசிறி சுற்றுகிறதா என்று போர்டுக்குத் தகவல் சொல்வது. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். நாலாவது, எவ்வளவு வேகம் வேண்டும் என்று போர்டு கட்டளையிடுவது. சிபியு முனையில் துடிப்பே வராவிட்டால் விசிறி செத்துவிட்டது என்று போர்டு நினைத்துக்கொள்ளும். அதுதான் உங்கள் எஃப்1. அதைவிட மோசம், பல போர்டுகளில் கேஸ் விசிறி முனை சிபியுவின் சூட்டைப் பார்க்காமல் போர்டின் சூட்டைப் பார்த்து வேகம் வைக்கும். சிபியு கொதிக்கும், அதன் தலைமேல் இருக்கும் விசிறி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கம்பியை இப்போதே மாற்றிச் செருகுங்கள்.

முன் விசிறிகளுக்கு பவர் சப்ளையிலிருந்து முழு 12 வோல்ட் நேராகப் போகிறது. யாரும் வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, அவை முழு வேகத்தில் ஓடுகின்றன. பெரிய பிளக்கைக் கழற்றிவிட்டு, தொங்கும் சின்ன பிளக்கை கேஸ் விசிறி முனைக்குக் கொண்டுவர வேண்டும். மூன்றுக்கும் முனை ஒன்றுதானே, ஆகவே பிரிப்புக் கம்பி ஒன்று வாங்குங்கள், பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். விசிறியின் வில்லையில் ஆம்பியர் போட்டிருக்கும். ஒவ்வொன்றும் 0.2 என்றால் மூன்றும் சேர்ந்து 0.6. முனை வழக்கமாக 1 ஆம்பியர் வரை தாங்கும், உங்கள் போர்டின் கையேட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம்: ஒரே விசிறியின் பெரிய பிளக்கையும் சின்ன பிளக்கையும் சேர்த்துச் செருகிவிடாதீர்கள். பவர் சப்ளையின் 12 வோல்ட் போர்டின் முனைக்குள் ஏறும்.

தையல்காரி – ஞாயிறு, காலை 10.30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பழைய கணினியின் பின் விசிறி டிக் டிக் என்கிறது. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா? ஆலையில் வேலை செய்யும் தம்பி, கம்ப்ரசர் காற்றை அடித்தால் போதும் என்கிறான்.

ஈப்போ திருப்புளி – ஞாயிறு, காலை 10.52

தேங்காய் எண்ணெய் வேண்டாம் அக்கா, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். உங்களிடம் தையல் இயந்திர எண்ணெய் இருக்குமே, நடுவில் ஒட்டிய வில்லையைத் தூக்கி அதில் ஒரு சொட்டு. சில மாதம் ஓடும், பிறகு புதிது வாங்கத்தான் வேண்டும். ஆனால் சத்தம் பவர் சப்ளைக்குள்ளிருந்து வந்தால் அதைத் திறக்கவே கூடாது. மின்சாரத்தை எடுத்த பிறகும் உள்ளே மின்னேற்றம் நிற்கும்.

ஆலைக் கம்ப்ரசர் காற்றோடு தண்ணீரையும் துப்பும். காற்று அடிப்பதே ஆனாலும், ஒரு ஐஸ்கிரீம் குச்சியால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். தாறுமாறாகச் சுற்றவிட்டால் அதுவே டைனமோ ஆகி போர்டுக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்.

லயத்துவாசி – ஞாயிறு, மாலை 5.20

கம்பியை மாற்றினேன். எஃப்1 தொல்லை போயிற்று. வெப்பம் 98லிருந்து 91 ஆனது, ஆனால் சிபியு விசிறி இப்போது நிமிடத்திற்கு 3,000 சுற்றைத் தாண்டி ஓலமிடுகிறது. முன்பு முன்னால் மட்டும்தான் சத்தம், இப்போது வீடு முழுக்க. பிரிப்புக் கம்பிக்குச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வந்து சேரவில்லை.

பழைய பாய்லர் – ஞாயிறு, இரவு 7.45

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவன். கணினி தெரியாது, பேரன் வாசித்துக் காட்டினான். எங்கள் பாய்லரில் செம்பனைப் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் போட்டு எரிப்போம். அதற்கு இரண்டு காற்றாடிகள். ஒன்று அடியிலிருந்து காற்றை உள்ளே தள்ளும், மற்றது புகைபோக்கிப் பக்கமிருந்து இழுக்கும். இழுப்பது படுத்துவிட்டால் தள்ளிய காற்று போக வழியில்லாமல் நெருப்பு உலைக் கதவு வழியாக நம் முகத்துக்கு நாக்கை நீட்டும். புதிதாக வந்த பையன்களுக்கு அப்படித்தான் புருவம் பொசுங்கும்.

தம்பி, உங்கள் பெட்டியில் பின்னால் இருப்பது இழுக்கிறதா, தள்ளுகிறதா? ஒரு பென்சில் முனையில் தையல் நூல் ஒரு சாண் கட்டி, பெட்டிக்கு வெளியே பிடித்துப் பாருங்கள்.

ஈப்போ திருப்புளி – ஞாயிறு, இரவு 8.10

ஐயா சொல்வதைச் செய்யுங்கள். கண்ணால் பார்ப்பதற்கும் அடையாளம் உண்டு: மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கம்தான் காற்று வெளியேறும். ஆனால் நூல் பொய் சொல்லாது.

லயத்துவாசி – ஞாயிறு, இரவு 9.35

நூலைப் பிடித்தோம். முன்னால் வலையில் போய் ஒட்டிக்கொண்டது, சரி. பின்னால் பிடித்தால் வெளியே பறக்க வேண்டிய நூல் அங்கேயும் வலைக்குள் நுழையப் பார்க்கிறது! மூன்றும் உள்ளேதான் தள்ளிக்கொண்டிருந்திருக்கின்றன. பின் விசிறியைத் திருப்பிப் பூட்டினேன். 91 என்பது 88 ஆனது. ஐயாவுக்கு நன்றி. ஆனால் 88ம் அதிகம்தானே?

ஈப்போ திருப்புளி – ஞாயிறு, இரவு 10.20

அதிகம்தான். இதில் என் தவறும் இருக்கிறது. நீங்கள் முதலிலேயே எழுதிய ஒரு வரியை நான் வாசித்தும் தாண்டிப்போய்விட்டேன். பக்கக் கதவைக் கழற்றியும் 98 என்பது 97தான் ஆனது.

பெட்டிக்குள் காற்று போதாததுதான் முக்கியக் காரணம் என்றால் கதவைத் திறந்ததும் நன்றாகவே இறங்கியிருக்க வேண்டும். அறைக் காற்று முழுவதும் திறந்துகிடந்தும் இறங்கவில்லை. கூரையும் காரணமில்லை, இரவிலும் அதே கதை. அப்படியென்றால் சூடு சிபியுவிலிருந்து அதன் மேலே, விசிறிக்கு அடியில் இருக்கும் அலுமினியத்துக்கே ஏறவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த அலுமினிய மடிப்பின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், விரல் இறக்கையில் படாமல். திரையில் 88, கைக்கு வெறும் வெதுவெதுப்பு என்றால் சந்தேகமே வேண்டாம்.

அந்த விசிறி நாலு பிளாஸ்டிக் முளைகளால் போர்டில் நிற்கிறது. கேஸின் மறுபக்கக் கதவைத் திறந்தால் சிபியுவுக்கு நேர் பின்னால் தகட்டில் ஒரு சன்னல் வெட்டியிருக்கும். டார்ச் அடித்து நாலு முளையும் போர்டைத் தாண்டி வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் பிளந்த கால்களின் நடுவே உள் ஊசி இறங்கி, கால்களை விரித்துப் பிடித்திருக்க வேண்டும்.

லயத்துவாசி – ஞாயிறு, இரவு 11.15

அலுமினியம் தேநீர்க் கோப்பை அளவுகூடச் சூடு இல்லை. பின்னால் பார்த்தேன். மூன்று முளைகள் கால் விரித்து நிற்கின்றன. நாலாவதன் நுனி மட்டும் ஓட்டையில் எட்டிப் பார்க்கிறது!

ஈப்போ திருப்புளி – ஞாயிறு, இரவு 11.22

பிடித்துவிட்டோம். இருந்த இடத்திலேயே அழுத்தாதீர்கள், சிபியுவுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பசை ஏற்கெனவே கோணலாகப் படிந்திருக்கும். போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். முளைத் தலையில் அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில் திருப்பி மேலே இழுத்தால் அவிழும். பழைய பசையை பஞ்சு விடாத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, புதுப் பசை நடுவில் ஒரு பட்டாணி அளவு. நாலு தலையையும் அம்புக்கு எதிராகத் திருப்பி வைத்துக்கொண்டு, மூலைக்கு மூலை எதிரெதிராக, டக் என்று கேட்கும்வரை அழுத்துங்கள். பிறகு போர்டைப் புரட்டிப் பார்க்காமல் கேஸில் பூட்டவே கூடாது.

லயத்துவாசி – புதன், இரவு 9.50

பசை இன்று மாலைதான் கிடைத்தது. விசிறியைக் கழற்றியபோது தெரிந்தது: ஒரு பாதியில் பசை கண்ணாடி போல மெல்லியதாக நசுங்கியிருந்தது, மறுபாதியில் கடையில் பூசிவிட்ட கோடுகள் அப்படியே கலையாமல் இருந்தன. அந்தப் பக்கம் தொடவே இல்லை.

நாலு முறை டக் கேட்டது. அரை மணி நேரம் காணொளி ஓட்டியும் 71ஐத் தாண்டவில்லை, சும்மா இருக்கும்போது 40. சிபியு விசிறி 1,900 சுற்றில் முனகுகிறது, அவ்வளவே.

பிரிப்புக் கம்பியும் வந்தது. முதலில் கேஸ் விசிறிகள் அப்போதும் முழு வேகத்தில்தான் ஓடின. பயோஸில் (விண்டோஸ் திறக்கும் முன் போர்டின் அமைப்பை மாற்றும் திரை) அந்த முனை நாலு கம்பி முறையில் இருந்தது. மூன்று கம்பி விசிறி அந்தக் கட்டளையைக் கேட்காது என்று கையேட்டில் படித்து, வோல்டேஜைக் குறைக்கும் டிசி முறைக்கு மாற்றினேன். 40 சதவீதத்தில் ஒரு விசிறி துடித்துத் துடித்து நின்றுபோனது. 50 வைத்ததும் மூன்றும் ஓடுகின்றன. வாசலில் பூச்சி கத்துவது இப்போதுதான் கேட்கிறது.

பையன் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "மெத்தை ஆடியது மாமா, என் தப்பில்லை" என்கிறான்.

ஈப்போ திருப்புளி – புதன், இரவு 10.05

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெத்தை அமுங்கும், கூடவே போர்டும் வளையும், முளை இறங்காது. சிபியு முனையை விட்டுவிட்டு வேறு முனையில் செருகியதற்கு என்ன சொல்கிறான் என்று கேளுங்கள்.

பழைய பாய்லர் – வியாழன், காலை 7.10

தம்பி, அந்த நூலை எடுத்துவிட்டீர்களா? பின்னால் தொங்கவிட்டால் காற்றாடியில் சுற்றிக்கொள்ளும்.

லயத்துவாசி – வியாழன், காலை 7.25

இப்போதுதான் எடுத்தேன் ஐயா. பென்சிலோடு கேஸின் மேலேயே கிடந்தது.