புதிய டோக்கன் விற்பனையில் பணம் போடும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். புதிய கிரிப்டோ திட்டம் ஒன்று தன் டோக்கன்களை (அத்திட்டம் வெளியிடும் எண்ணிம நாணயங்களை) சந்தைக்கு வரும் முன்பே விற்கும் முன்விற்பனையில் சேருமாறு நண்பர் ஒருவர் அழைத்திருக்கிறார். இணையதளம் நேர்த்தியாக உள்ளது. திட்டத்தை விளக்கும் விரிவான வெள்ளையறிக்கை, நிறுவனர்களின் படங்கள், பெரிய கட்டண அட்டை நிறுவனங்களுடன் கூட்டு என்ற அறிவிப்பு எல்லாம் இருக்கின்றன. மாதந்தோறும் நிலையான வருமானம் உறுதி என்கிறார்கள். தள்ளுபடி விலை விரைவில் முடிந்துவிடும் என்றும் அவசரப்படுத்துகிறார்கள். நிரலாக்கம் அறியாத ஒருவர் இதன் உண்மைத்தன்மையை எப்படிக் கண்டறிவது?

பதில் 1

இணையதளத்தின் நேர்த்தியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையமே 2018இல் ‘ஹோவிகாயின்ஸ்’ என்ற போலித் தளத்தை, வெள்ளையறிக்கையும் பிரபலங்களின் பரிந்துரையும் சேர்த்து உருவாக்கியது. அதில் வாங்க முயன்றவர்களை மோசடி குறித்த எச்சரிக்கைப் பக்கத்துக்கு அனுப்பியது.

கூட்டு பற்றிய அறிவிப்பை மறுமுனையில் விசாரியுங்கள். 2017இல் டோக்கன் விற்று 2.5 கோடி டாலருக்கு மேல் திரட்டிய சென்ட்ரா டெக், விசா, மாஸ்டர்கார்டு ஆகியவற்றுடன் தனக்குத் தொடர்பு உண்டு என்று பொய் சொன்னது. அதன் தலைமை நிர்வாகி என்று காட்டப்பட்டவரே கற்பனை மனிதர். அட்டை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலுள்ள முகவரிக்கு எழுதிக் கேட்டாலோ, நிறுவனர் படத்தைப் படத்தேடலில் இட்டுப் பார்த்தாலோ இத்தகைய பொய் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். திட்டக்காரர்கள் தரும் இணைப்பின் வழியாக மட்டும் சரிபார்க்காதீர்கள்.

பதில் 2

எனக்கு உறுத்துவது அந்த ‘நிலையான வருமானம்’தான். விலை நாள்தோறும் ஏறி இறங்கும் ஒரு பொருளிலிருந்து மாறாத வருமானம் எப்படி வரும் என்று கேளுங்கள். தானியங்கி வணிக மென்பொருள் ஈட்டித் தருவதாகச் சொல்லி மாதம் 40 விழுக்காடு வரை ஆசை காட்டிய பிட்கனெக்ட் என்ற கிரிப்டோ நிறுவனம், பயனர்கள் தனக்குக் கடன் கொடுக்கும் அத்திட்டத்தை 2018 ஜனவரியில் மூடியது. பின்னால் வந்தவர்களின் பணத்தைத்தான் முன்னால் வந்தவர்களுக்குக் கொடுத்திருந்தது. எனவே உங்கள் நண்பருக்கு ஏற்கெனவே பணம் வந்திருந்தாலும், அவர் நல்லெண்ணத்தோடு அழைத்திருந்தாலும், அது சான்றாகாது.

பதில் 3

நிரலாக்கம் தெரியாவிட்டாலும் பிளாக்செயின் (பரிமாற்றங்கள் பதியப்படும் எண்ணிமப் பேரேடு) பதிவுகளைக் காட்டும் பொதுத் தளங்களில் டோக்கனின் ஒப்பந்த முகவரியை (ஒப்பந்தம் என்பது டோக்கனை இயக்கும் நிரல்) இட்டுச் சில செய்திகளை அறியலாம். மொத்த டோக்கன்களில் பெரும்பகுதி ஓரிரு வாலட்களில் (டோக்கன்களை வைத்திருக்கும் கணக்குகளில்) குவிந்திருக்கிறதா, நிறுவனர்களின் பங்கு குறிப்பிட்ட காலத்துக்கு விற்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா, ஒப்பந்தத்தின் மூல நிரல் வெளியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தணிக்கை அறிக்கை இருப்பதாகச் சொன்னால் அதைத் தணிக்கையாளரின் தளத்தில் தேடுங்கள். ஒன்காயின் என்ற மோசடித் திட்டத்தைப் போல, எவரும் பார்க்கக்கூடிய பிளாக்செயினே இல்லாத திட்டமாக இருந்தால் மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை.

வாங்கியதை விற்க முடியுமா என்பதும் முக்கியம். 2021இல் வந்த ஸ்குவிட் டோக்கன் 2,800 டாலரைத் தாண்டி ஏறியபோதும், வாங்கியவர்களில் பெரும்பாலோரால் விற்க முடியவில்லை. சிறிது நேரத்தில் விலை ஏறக்குறைய சுழியமாகிவிட்டது. சிறு தொகையை வாங்கி விற்றுப் பார்ப்பதும் முழுப் பாதுகாப்பு அன்று, ஏனெனில் சில ஒப்பந்தங்களில் உரிமையாளர் பின்னர் விற்பனையை முடக்கும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்திருப்பார்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அட்டை நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை பணம் அனுப்பப் போவதில்லை. வாலட்டை இணைக்க வேண்டுமென்று அதைத் திறக்கும் சாவியான என் மீட்புச் சொற்றொடரையும் கேட்கிறார்களே, அது வழக்கம்தானா?

பதில் 3

இல்லை. எந்த நேர்மையான விற்பனைக்கும் அது தேவைப்படாது. அதை அறிந்தவர் உங்கள் வாலட்டில் உள்ள அனைத்தையும் எடுத்துவிடலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், இப்போதே புதிய வாலட் ஒன்றைத் தொடங்கி, உள்ளதை அதற்கு மாற்றிவிடுங்கள்.