பெங்களூருவில் விமானம் மாற இரண்டே கால் மணி நேரம் போதுமா?

அடுத்த மாதம் அப்பாவுடன் சென்னையிலிருந்து பெங்களூரு போய், அங்கிருந்து வெளிநாட்டு விமானம் ஏற வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட். சென்னை விமானத்தின் நேரத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது இடைவெளி இரண்டே கால் மணி நேரம்தான். வானத்தில் 300 கிலோமீட்டர்கூட இல்லை, முக்கால் மணி நேரப் பறப்பு. சிக்கல் தரையில்தான். முதல் டெர்மினலில் பெட்டியை எடுத்து, இரண்டாவது டெர்மினலில் மறுபடி போட வேண்டும். கவுண்டரோ ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். அப்பாவுக்கு வீல்சேர் வேறு.

முந்தைய விமானம் கேட்டேன், இடமில்லையாம். வந்தே பாரத் என்றால் நாலரை மணி நேரம், சரி. அப்புறம் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு 35 கிலோமீட்டர், அதுவும் பெங்களூரு டிராஃபிக்கில்! காரில் 350 கிலோமீட்டர், அப்பாவின் இடுப்பு தாங்காது.

சமீபத்தில் இப்படி மாறியவர்களுக்கு, இறங்கியதிலிருந்து பெட்டி போட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆனது?