அம்முச்சியைக் கட்டிப்போடாமல் இருக்க என்ன வழி?

கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்முச்சி (அம்மாவின் அம்மா) பகலில் நன்றாகத்தான் பேசுகிறார், இருட்டினால் போதும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார், உடனே இரண்டு கையையும் பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டிவிடுகிறார்கள். கட்டினால் இன்னும் திமிறுகிறார். இது டெலிரியம் (திடீரென்று வரும் மனக்குழப்பம்), மூத்திரத்தில் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல்கூடக் காரணமாகலாம் என்று டாக்டர் ரத்தம் எடுத்திருக்கிறார், சரி. ஆனால் ராத்திரியில் மலையாளத்தில் அதட்டினால் அவருக்கு என்ன புரியும் (காதுமிஷினை வேறு கழற்றிப் பையில் போட்டாயிற்று!). கண்ணாடி, காதுமிஷின் மாட்டிவிட்டு, வீட்டு ஆள் ஒருவர் ராத்திரி பக்கத்திலேயே உட்கார அனுமதி வாங்கியவர்கள் உண்டா? யாரிடம் பேசினீர்கள்? தமிழ் பேசும் துணை ஆள் தெரிந்தாலும் சொல்லுங்கள், சம்பளம் கொடுத்துவிடுகிறோம்.