தாவரங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாளை எங்கே சந்தித்தீர்கள்? நேரில், ஸ்லைடில், எங்கேயாவது

மதுரவாயல்_81:
எம்.எஸ்சி. படிக்கிறப்போ. சென்னைப் பல்கலையோட மதுரவாயல் கள ஆய்வுக்கூடத்துலயே அம்மா தங்கி வேலை பார்க்கிறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு சந்தேகம் கேட்கப் போனேன். சட்டைப் பையில, குரோமோசோம் எண்ணறதுக்கு வெங்காய வேர்நுனி போட்ட குட்டி பாட்டில். தூரத்துல பாத்திகிட்ட அவங்க குனிஞ்சு ஏதோ பார்த்துட்டு இருந்தாங்க. 83 வயசு. செடிகளோட குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த 'குரோமோசோம் அட்லஸ்' புத்தகம் எழுதினவங்ககிட்ட இந்தக் கேள்வியா? பத்து நிமிஷம் நின்னுட்டுத் திரும்பிட்டேன். பூந்தமல்லி ரோட்டுல பஸ் ஏறின பிறகுதான் தெரிஞ்சுது, பாட்டில் மூடி கழண்டு சட்டையெல்லாம் அசிட்டிக் ஆசிட் நாத்தம். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்தே போயிட்டார். 1984 பிப்ரவரியில அம்மா போயிட்டாங்க.

கரும்புத்தாத்தா:
என் பேத்தி பேச்சுப்போட்டியில "இந்தியக் கரும்பை இனிக்க வைத்த ஜானகி அம்மாள்"னு முழங்கி முதல் பரிசு வாங்கிட்டா. கப்பைக் கட்டிப்பிடிச்சுட்டு நிக்கிற பிள்ளைகிட்ட அது தப்புன்னு எப்படிச் சொல்ல? சொல்லல. உறுத்துது, அதனால இங்க கொட்டுறேன்.

கோயம்புத்தூர்ல கரும்பு ஆய்வாளர் பார்பர், 'வெள்ளை'ங்கிற கரும்பை அந்த ஊர் நாணலோட (காட்டுக் கரும்பு) சேர்த்து கோ 205-ங்கிற கரும்பு ரகத்துக்கு வித்து போட்டது 1912-ல. ஜானகிக்கு அப்போ 15 வயசு. அவருக்கு அடுத்து வந்த வெங்கட்ராமன் அந்த வேலையைப் பெரிசாக்கினார். அம்மா கோவை கரும்பு நிலையத்துக்கு வந்ததே 1934-ல. இனிப்பு ஏற்கெனவே கரும்புல இருந்தது. நாணல் கொடுத்தது தெம்பு. அம்மா செஞ்சது வேற: நாணல் வகைகளோட குரோமோசோமை எண்ணினாங்க, கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்து செடி எடுத்தாங்க. இது போதாதா? ஏன் அடுத்தவர் கிரீடத்தை எடுத்து இவங்க தலையில வைக்கணும்? பார்வர்டு அனுப்புறவங்க ஒரு நிமிஷம் யோசிங்கய்யா.

ஸ்லைடு:
தாத்தா சொல்றது சரி, ஆனா கிரீடத்தை எடுக்கிறது ரெண்டு பக்கமும் நடக்குது. என் ஆய்வேட்டுல "டார்லிங்டன், வைலி 1955"னு பதினோரு இடத்துல மேற்கோள் காட்டியிருந்தேன். வைவா முடிஞ்ச மறுநாள் லைப்ரரியில அட்லஸோட பழைய பதிப்பு கையில சிக்குச்சு. 1945. அட்டையில டார்லிங்டன், ஜானகி அம்மாள். 1955-ல அதை விரிவாக்கி எழுதினப்போதான் ரெண்டாவது பேர் வைலின்னு மாறியிருக்கு. நம்ம துறையில பாதிப் பேர் மேற்கோள் காட்டுறது பின்னதைத்தான். அந்தப் பக்கத்தைப் பார்த்துட்டே நின்னேன், பதினோரு இடம்!

வோக்கிங் அத்தை:
இங்கிலாந்துல மகன் வீட்டுக்கு வந்தப்போ பக்கத்துல விஸ்லி தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனான். மார்ச் மாசம், நல்ல குளிர். இலையே இல்லாத கிளையில வெள்ளை வெள்ளையா பூ. கிட்டப் போய் லேபிள் பார்த்தா 'ஜானகி அம்மாள்'! மக்னோலியா. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு அம்மா அங்க வேலை பார்த்தப்போ கால்ச்சிசின் மருந்து வச்சு குரோமோசோமை ரெட்டிப்பாக்கினாங்களாம். கீழ விழுந்திருந்த ஒரு இதழை எடுத்தேன், முழம் போடற பூ மாதிரி இல்ல, தோல் மாதிரி தடிமன். எடுக்கக்கூடாதுன்னு மகன் திட்டினான். பர்ஸ்ல இன்னும் இருக்கு, பழுப்பாயிடுச்சு.

ஸ்லைடு:
மதுரவாயல்_81, உங்களுக்கு ஒன்னு சொல்லணும். வேர்நுனியை காலையிலேயே வெட்டிடுங்க, லேட்டானா செல் பிரிவு கிடைக்காது. அதை ஊறப்போட மூணு பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு அசிட்டிக் ஆசிட், கலந்த அன்னைக்கே பயன்படுத்தணும். கவர் கண்ணாடி மேல பிளாட்டிங் பேப்பர் வச்சு கட்டைவிரலால நேரா அழுத்துங்க, பக்கவாட்டுல நழுவினா செல் கிழிஞ்சு குரோமோசோம் சிதறிடும். ஒரு செல்லை மட்டும் எண்ணி முடிவுக்கு வராதீங்க, பத்து செல்லாவது எண்ணுங்க. பாட்டிலுக்குத் திருகு மூடி வாங்குங்க.

மதுரவாயல்_81:
தம்பி, நான் ரிட்டயர் ஆகியே வருஷக்கணக்காச்சு. ஆனா அந்த நழுவுற விஷயத்தை அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா மதுரவாயலுக்கே போயிருக்க மாட்டேன். கேட்க நினைச்ச கேள்வி அதான்: வெங்காயத்துக்கு 16 குரோமோசோம் இருக்கணும், எனக்கு மட்டும் ஏன் எப்பவும் 15 வருது?