மும்பைக்கு வந்துதான் மணியைத் தொட்டேன்

செம்பூர்வாசி:
கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் கண்டாமணிக் கயிறு மெய்க்காவலர் கையில்தான் இருக்கும். நைவேத்தியம், தீபாராதனை, அவ்வளவுதான். "சும்மா அடிச்சா சாமி எழுந்து வந்து என்னடா வேணும்னு கேக்கும்" என்பாள் பாட்டி. மும்பைக்கு வந்த முதல் வாரம், தெருமுனை மாருதி கோயிலில் ஒரு பள்ளிக்கூடப் பையன் செருப்பைக் கழற்றிய கையோடு எகிறிக் குதித்து மணியை அடித்துவிட்டு உள்ளே ஓடினான். எனக்குப் பகீரென்றது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இங்கே உள்ளே நுழைகிறவர்தான் மணி அடிக்க வேண்டும், 'நான் வந்திருக்கிறேன்' என்று. இப்போது எனக்கும் மாருதி கோயிலில் கை தானாக மேலே போகிறது. சேடா நகர் முருகன் கோயிலில் மட்டும் கட்டிய கை கட்டியபடி.

சொல்ல வந்தது வேறு. போன மழைக்காலம் முடிந்ததும், சாத்தாரா பக்கம் 'வாய்' என்ற ஊரை அடுத்த மேணவலி கிராமத்துக்குப் போனோம். பேஷ்வாக்களின் மந்திரி நானா பட்னவீஸின் 'வாடா', அதாவது மாளிகை, அதன் பின்னால் படி இறங்கினால் கிருஷ்ணா நதி. கரையில் மேணேஸ்வரர் கோயில், அருகே சின்னக் கல் மண்டபம், அதற்குள் ஒரு பெரிய மணி. அதன் உடம்பில் குழந்தையை ஏந்திய ஒரு பெண். யசோதை என்று நினைத்துக் கிட்டப் போய்ப் பார்த்தால், மாதா! போர்த்துகீசியர்களின் சர்ச் மணி. 1739இல் மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா அவர்களிடமிருந்து வசாய்க் கோட்டையைப் பிடித்தபோது கிடைத்த மணிகளைக் கோயில்களுக்குக் கொடுத்தார்களாம். பீமாசங்கரிலும் ஒன்று உண்டு. விரார் லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறோமே, அதே வசாய்தான். விரல் முட்டியால் லேசாகத் தட்டிவிட்டுக் காதை வைத்தேன். உள்ளே வெகுநேரம் முனகியது.

மாட்டுங்கா மாமி:
மணி வெகுநேரம் முனகியது என்றீர்களே, அந்தக் கார்வை, அடித்த பிறகும் இழுத்து நிற்கிற ஓசை, அதைப் படித்ததும் நான் ஏமாந்த கதை ஞாபகம் வந்தது. புது வீட்டுப் பூஜைக்கு நந்தி வைத்த கைமணி ஒன்று வாங்கினேன். பார்க்கத் தங்கம் மாதிரி. அடித்தால் 'டணக்', அத்தோடு சரி. மாமியாரின் பழைய மணியோ கறுத்துப் போனது, ஆனால் கற்பூரத் தட்டைக் கீழே வைத்த பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும். அவர்தான் சொன்னார்: "நீ வாங்கினது பித்தளை. மணின்னா வெண்கலம்." பித்தளையில் செம்போடு துத்தநாகம் சேரும், மணி வார்க்கிற வெண்கலத்தில் செம்போடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம். அதுதான் கெட்டி, அதுதான் நாதம். கீழே போட்டால் நசுங்காது, விரிசல் விடும். விட்டால் ஓட்டைப் பானைச் சத்தம்தான்.

அப்புறம் செம்பு, பித்தளைப் பாத்திரக் கடைகள் இருக்கிற தாம்பா காண்டா போய் "கான்ஸா" (இங்கே வெண்கலத்துக்கு அதுதான் பெயர்) என்று கேட்டு, பிடியின் நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்துச் சாவியால் ஒரு தட்டு. ஓசை அடங்கும்வரை எண்ணினேன். நாலாவது மணி தேறியது. எடை போட்டுத்தான் விலை.

டோம்பிவிலி ஐயங்கார்:
எங்காத்தில் மணி அடிக்கும்போதெல்லாம் அப்பா தேசிகனைச் சொல்லாமல் விடமாட்டார். 1268இல் காஞ்சி தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் திருமலைக் கோயில் மணியின் அவதாரம் என்பது சம்பிரதாயம். அதனால்தான் அங்கே கர்ப்பகிருகத்துக்குள் கைமணி இல்லை என்பார்கள். இங்கே நான் போகிற கோயிலில் மோட்டார் வைத்த முரசு மணி. ஆரத்தி நேரத்தில் காது கிழியும். ஒருநாள் கரண்ட் போய்விட்டது. அர்ச்சகர் இருட்டில் தேடிக் கைமணியை எடுத்து அடித்தார். அன்றுதான் அவர் சொல்லும் மந்திரம் என் காதில் விழுந்தது. மறுநாள் மறுபடி மோட்டார்.

செம்பூர்வாசி:
மாமி, அந்தக் கடை எந்தச் சந்து?

மாட்டுங்கா மாமி:
சந்துப் பெயரெல்லாம் தெரியாது. மும்பாதேவி கோயில் பக்கம் இறங்கி, பாத்திரம் தட்டுகிற சத்தம் வருகிற திக்கில் நடங்கோ. சாவிக்கொத்து மறக்காதீங்கோ.