பெருவிரலை எடுத்த பிறகு நடை பழையபடி திரும்புமா?

மளிகைக்காரர், கும்பகோணம்:

எனக்கு வயது 54. பதினாறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. புண் எலும்புவரை சென்றுவிட்டதால், நான்கு மாதங்களுக்கு முன் இடது கால் பெருவிரலை அடியோடு எடுத்துவிட்டார்கள். தழும்பு நன்றாகக் காய்ந்துவிட்டது, இனி நடக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்களே தவிர, எப்படி நடப்பது என்று யாரும் சொல்லவில்லை. விரலிடுக்கு வார்ச் செருப்பு இரண்டடி வைப்பதற்குள் கழன்று பின்னால் கிடக்கிறது. மேல்தட்டிலிருந்து சரக்கு எடுக்க எம்பினால் உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. பைக்கில் கியரைத் தூக்கும்போது தழும்பு உரசுகிறது. பிரதோஷத்துக்குக் கோயிலுக்குச் செல்வது நெடுநாள் வழக்கம். வெறுங்காலுடன் பிரகாரம் சுற்றலாமா? இரண்டாம் விரலுக்கு நேர்கீழே உள்ளங்காலில் தோல் தடித்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலி இல்லாததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறாண்டு நடை:

ஐயா, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன அந்தத் தடிப்பைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். எனக்கு வலது பெருவிரலை எடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டில் ஒரு நாள் காலையில் மாட்டிய ஷூவை இரவில் கழற்றியபோது, உள்ளே ஒரு புளியங்கொட்டை கிடந்தது. பகல் முழுவதும் அதன்மேல் நடந்திருக்கிறேன், துளியும் தெரியவில்லை. அந்த இடம் ஆற மூன்று மாதம் பிடித்தது. அன்றிலிருந்து காலை மாட்டுவதற்கு முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கிறேன். இரவில் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, இரண்டு உள்ளங்கால்களையும் அதில் பார்க்கிறேன். வெட்டிய காலைவிட மற்றக் காலையே நாம் மறந்துவிடுகிறோம். வெள்ளைக் காலுறை அணிந்தால் கசிவு உடனே கண்ணில் படும்.

கோயிலைப் பற்றிக் கேட்டீர்கள். பிரதோஷ வேளையான மாலை நாலரை மணிக்குக் கருங்கல் தளத்தில் பகல் சூடு இறங்கியிருக்காது. நம் காலுக்கு அது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். நான் இப்போது விடியற்காலையில் சென்று, கனத்த காலுறையுடன் நிழலிலேயே நடந்து திரும்பிவிடுகிறேன். பிரதோஷம் தவறுகிறதே என்ற வருத்தம் எனக்கும் உண்டு.

இயன்முறை மருத்துவர்:

நடக்கும்போது உடம்பை முன்னோக்கி உந்தித் தள்ளுவதில் பெரும்பங்கு பெருவிரலுடையது. அது இல்லாதபோது அந்தப் பாரம் இரண்டாம் விரலின் அடியிலுள்ள எலும்பு முனைக்கு மாறுகிறது. அந்த எலும்பு அத்தனை பாரத்துக்கு ஏற்றதன்று, ஆகவே தோல் தடித்துத் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது, ஆனால் அந்தத் தடிப்பே ஒரு கல்லைப்போல உள்ளிருந்து அழுத்தி அடியில் புண்ணை உண்டாக்கிவிடும். வீட்டில் பிளேடால் சீவாதீர்கள்; கால் ஆணிக்கான பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள், அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது பின்வார் வைத்த எம்.சி.ஆர். (நுண்துளை மென்ரப்பர்) செருப்பு, அல்லது விரல் இருந்த இடத்தை நிரப்பும் மெத்தையும் முன்பக்கம் சற்றே வளைந்த கெட்டியான அடிப்பாகமும் உள்ள ஷூ. தொழுநோயால் பாத உணர்விழந்தவர்களுக்கு வேலூரில் மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் காலணியையே சிகிச்சையாகக் கருதிய காலத்திலிருந்து, நம் பக்கத்தில் இந்த வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. அளவைக் கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் கொடுங்கள். புதுக் காலணியை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அணிய வேண்டாம். கழற்றியபின் சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் தைத்தவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாத உணர்வைச் சோதிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதுவரை செய்யவில்லை என்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சமநிலைக்கு, கல்லாவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் பத்து நொடி நிற்கப் பழகலாம். ஆனால் தடிப்பைக் காட்டிச் சரிசெய்த பிறகுதான்.

மூத்த மகள், திருச்சி:

என் அப்பாவுக்கும் இதே அறுவைதான். பைக்கை விற்றுக் கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கினோம். மேல்தட்டுச் சரக்கை இடுப்பு உயரத்துக்கு இறக்கினோம். இரண்டுக்கும் அவர் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. உண்மையில் அவருக்கு வலித்தது, வந்தவர்களெல்லாம் முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்த்ததுதான். மூடிய ஷூ வந்த பிறகு கல்யாண வீடுகளுக்குத் தாமாகவே கிளம்பத் தொடங்கினார்.

மளிகைக்காரர், கும்பகோணம்:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு கண்ணாடியில் பார்த்தேன்; தடிப்பின் நடுவே மிளகு அளவில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. இன்று காலை கடையைத் திறக்காமல் மருத்துவமனைக்குச் சென்றேன். தடித்த தோலைச் சீவியபோது அடியில் இரத்தம் கட்டியிருந்தது, இன்னும் உடையவில்லை. இரண்டு வாரம் அந்தக் காலில் பாரம் வைக்கக் கூடாதாம். செருப்புக்கு அளவும் கொடுத்துவிட்டேன். மேல்தட்டுப் பருப்பு டப்பாக்களைப் பையன் இப்போது கீழே இறக்கிக்கொண்டிருக்கிறான்.